மெமரிக்கு வைத்த பொட்டு

ஜூலை 7, 2025 – திங்கள்

கம்ப்யூட்டர் திறக்க இன்று பதினோரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். திரையும் பெட்டியும் ஒன்றாக ஒட்டிய ஆல்-இன்-ஒன், வாங்கி எட்டு வருஷம். ஆன்லைன் டியூஷன் பிள்ளைகள் ஆறு பேரும் வந்து காத்திருக்கிறார்கள், டீச்சரைத்தான் காணோம். பாடத்தின் நடுவில் என் படமும் அசையாமல் நின்றுவிட்டது. ஜீவன் கத்துகிறான்: "டீச்சர், வாயத் தொறந்த மாதிரியே நின்னுட்டீங்க லா!" மானம் போயிற்று.

சோபாவிலிருந்து இவர் சொன்னார்: "மெமரி பத்தல. ஹார்ட் டிஸ்க்கும் கிழடாயிருச்சு. நான் மாத்திக் குடுக்குறேன்."

பிப்ரவரியில் பக்கவாதம் வந்த பிறகு, "நான் செய்யுறேன்" என்று ரூபேந்திரன் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. இருபத்து நான்கு வருஷம் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்த மனுஷர். இப்போது வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போவதையும் மே மாதத்தோடு நிறுத்திவிட்டார். சரி என்று தலையாட்டினேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 8 – செவ்வாய்

கெலாங் பாத்தாவிலிருந்து மகள் சௌந்தர்யா போன். "புதுசு வாங்கிருங்கம்மா. அப்பாவுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" நானும் சேர்ந்துகொண்டு, "ஆமாடி, அவரு கை முன்ன மாதிரி இல்லதான்" என்றேன். திரும்பினால் இவர் தண்ணீர் எடுக்க வந்து நிற்கிறார்.

கேட்டிருப்பாரோ? டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

ஜூலை 10 – வியாழன்

இருவரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரச் சீனர் நீளமான மெமரி ஒன்றை எடுத்து வைத்தார். இவர் இடது கையால் தள்ளிவிட்டார். "இனி புக்கான், போஸ்" என்றார் மலாயில். இது இல்லையாம். பார்க்கப் பெரிய கம்ப்யூட்டராக இருந்தாலும், உள்ளே மடிக்கணினியின் குட்டி மெமரிதான் போகுமாம். கடைக்காரர் மாடல் நம்பரைத் தேடிப் பார்த்து, ஆமாம் என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குட்டி மெமரியும் புது டிஸ்க்கும் வாங்கிக்கொண்டு, தே தாரேக் டீ குடிக்க அழைத்துப் போனேன்.

ஜூலை 11 – வெள்ளி

புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் பொட்டு வைத்து, சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் புழங்குவோம். மோட்டார் சைக்கிளுக்கு வைத்தேன், ரைஸ் குக்கருக்கு வைத்தேன். மெமரி மட்டும் என்ன பாவம் செய்தது? இவர் குளிக்கப் போன நேரம் உறையைப் பிரித்து, சந்தனம் குழைத்துக் குங்குமத்தோடு வைத்தேன். அதன் ஓரத்தில் பொன் நிறத்தில் பல் பல்லாக ஒரு விளிம்பு. லட்சுமிகரமாக இருந்தது, அங்கேயே வைத்தேன். இவர் பார்த்தால் கேலி செய்வார். கும்பிட்டு முடித்ததும் முந்தானையால் துடைத்து உறையில் போட்டுவிட்டேன்.

சாமி, நாளைக்கு அவர் கூடவே இரு.

ஜூலை 12 – சனி

திரையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டி, பழைய பஸ் கார்டை ஓரத்தில் நுழைத்து, அங்குலம் அங்குலமாகப் பிரித்தார். "மெதுவா. உள்ள கேபிள் இருக்கு, இழுத்தா கதை முடிஞ்சது." என் வேலை விளக்குப் பிடிப்பது மட்டும். ஒரே திருகாணி மூன்று முறை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தால், "விடு, நான் எடுக்குறேன்." விளக்கை இன்னும் கிட்டே பிடித்தேன்.

பத்து மணிக்கு ஆரம்பித்தது, ஒரு மணிக்குப் பட்டனை அழுத்தினார். திரை கறுப்பு. பீப், பீப், பீப். மெமரியைக் கழற்றி மறுபடி செருகினார். பீப். இன்னொரு முறை. பீப்.

"நான்தான் சரியா சொருகல. கையில அழுத்தமே இல்ல."

பழையதைப் போட்டுப் பாருங்களேன் என்றேன். காதில் வாங்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "இனிமே எதையும் என் கையில குடுக்காத, பிரேமலா."

ஜூலை 13 – ஞாயிறு

சோற்றைத் தொடவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "புதுசே வாங்கிரு" என்றார்.

ஜூலை 14 – திங்கள்

பாலர் பள்ளி வேலை முடிந்து வந்து மேசையை ஒழித்தேன். மெமரி ஒரு மூலையில் கிடந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் — பொன் பற்களின் மேல் மெல்லிய மஞ்சள் படலம், இடையிடையே சிவப்பு. காய்ந்துபோன சந்தனம்.

அடிப் பாவி, நீதானா? மின்சாரம் போகிற இடத்தில் போய்ப் பொட்டு வைத்திருக்கியே! அந்த மனுஷன் ரெண்டு நாளா தன் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அதைவிட மோசம் — பீப் அடித்தபோது நானும் மனதுக்குள் 'எனக்குத் தெரியும்' என்று நினைத்தேன். நினைத்தேன்தானே?

சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

ஜூலை 15 – செவ்வாய்

சொல்லிவிட்டேன். மெமரியை அவர் முன்னால் வைத்து, பொட்டு வைத்ததிலிருந்து முந்தானையால் துடைத்ததுவரை எல்லாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"அப்போ அது என் கையால இல்லையா?" சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"இல்லங்க. என் கையால."

சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். ஐந்து மாதமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று போனில் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டுச்சு. முன்ன மாதிரி இல்லதானே, பொய்யா சொன்ன? சரி சரி, அழிக்கிற ரப்பர் இருந்தா கொண்டா."

நான் பிடித்துக்கொள்ள, அவர் ரப்பரால் தேய்த்தார். இடது கையால் மெமரியைச் செருகி, வலது கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரல் வழுக்கியது, மறுபடி வைத்தார். நான் தொடவில்லை. 'டக்' என்றது. பட்டனைத் தட்டியதும் திரை வெளிச்சமானது.

ஜூலை 18 – வெள்ளி

புது டிஸ்க்கில் எல்லாம் ஏற்றி, திரையையும் ஒட்டிவிட்டார். திறக்க இருபது நொடி. இனிப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நான்தான் வந்து உட்காருவேன்.

ஆகஸ்ட் 5 – செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மலாய்ப் பெண் கூப்பிட்டாள். வியாழன் காலை எட்டரைக்குக் கைப்பயிற்சி, என்சிக் ரூபேந்திரன் வருவது உறுதிதானே என்று கேட்டாள். தவறாக இருக்கும், நாங்கள் நிறுத்தி மூன்று மாதமாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் வந்து போனை வாங்கி, "யா, சாயா டாத்தாங்" என்றார். வருகிறாராம்.

"எப்ப போட்டீங்க இந்த அப்பாயின்ட்மென்ட்?"

"போன வாரம். சொன்னா நீ லீவு போட்டுட்டுக் கூட வந்துருவ. நான் பஸ்ல போயிக்கிறேன்."

பஸ்ஸில், தனியாக. நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். வியாழன் எட்டரை மணிக்கு நான் பாலர் பள்ளியில்தான் இருப்பேன். இருக்க வேண்டும்.