கடைசி ஷிப்டுப் பலகை

மாசி 3, வெள்ளி

விடியறப்பவே வெயில். மாசியா சித்திரையான்னு தெரியல. காவிரியில கணுக்கால் தண்ணி.

செய்ய வேண்டியது: 1. தலைக்கு மை. 2. வெள்ளைச் சட்டை இஸ்திரி. 3. மில்லு வாட்ச்மேன்கிட்டச் சாவி. 4. கோழி.

கோழி எதுக்குன்னா நிவேதா வந்திருக்கா. வாழப்பாடித் தங்கச்சி மக. இனிமே நி. மெட்ராசுல போட்டோப் படிப்பு. மூடிக் கெடக்கற நம்ம ஸ்பின்னிங் மில்லையும், அதுல கடைசி ஷிப்டு ஓட்டுன ஆளுகளையும் படம் எடுத்து மில்லுக்குள்ளயே மாட்டி ஊருக்குக் காட்டப் போறாளாம். வாசல் கேட்டுல மட்டும் ஒரே ஒரு படம். ஆறடி.

அந்த ஆறடி யாருன்னு நான் கேக்கல. கேக்கணுமா? தாய்மாமன். நான் தலையாட்டாம அந்த மில்லுல ஒரு சக்கரம் சுத்துனதில்ல. கோயமுத்தூர் இஞ்சினியர் மூணு பேரு கைய விரிச்ச மெசின ஒரு ஹேர்பின்னுல ஓட்டிக் காட்டினவன். (போன தடவை சொன்னப்ப ரெண்டு இஞ்சினியர். மூணே இருக்கட்டும்.) கடைசி நாள் சுவிட்ச அமுத்தி மில்ல நிறுத்துனதே நான்தான்னு அவ பாவாடை கட்டுன காலத்துல இருந்து சொல்லி வெச்சிருக்கேன்.

இன்னிக்கும் சொன்னேன். ஊட்டுக்காரி சரசு கொழம்பு ஊத்திக்கிட்டே சிரிச்சா. எதுக்குன்னு கேக்கல.

மாசி 5, ஞாயிறு

சவரிமுத்து. இனிமே சவ. மில்லுல ஏழாம் நம்பர் பிரேம், அதாவது நூல் நூக்கற மெசின், ஓட்டுனவன். இப்ப சேலத்துல மக ஊட்டுல இருக்கான். சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நேரா பஸ் ஏறி வந்துட்டான். யாரு கூப்பிட்டா? நி. கூப்பிட்டாளாம்.

சவரம் கூடப் பண்ணல. சட்டையில ஒரு பட்டன் இல்ல. நான் மையும் இஸ்திரியுமா பக்கத்துல நிக்கறேன். கேமரா அவன் பக்கம்.

அது பிலிம் போடற கேமரா. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் படந்தான் எடுப்பா. போன்ல எடுத்தா ஆசை தீந்துருமாம், அதனால மில்லுக்குள்ள போனைத் தொடறதில்ல. புரியல. இன்னிக்கு எட்டுப் படம். சவ.க்கு ஆறு. எனக்கு ஒண்ணு. வாட்ச்மேன் நாய்க்கு ஒண்ணு.

ஆறும் எதுக்கு? மெசின் சத்தத்துல பேச்சு கேக்காது, நாங்க கை ஜாடையிலதான் பேசுவோம். அதச் செஞ்சு காட்டறான். வயித்துல தட்டினா டீக்கு நேரமாச்சு. ரெண்டு விரல கத்திரியாட்டம் வெட்டினா நூல் அறுந்துருச்சு. மீசைய முறுக்கினா மேஸ்திரி வாராரு, உனக்குப் பின்னால நிக்கறாரு, உசாரு.

நி. விழுந்து விழுந்து சிரிக்கறா. "சவரி மாமா, அந்த மீசைய இன்னொருக்கா!"

சவரி மாமாவாம். அவனுக்கு மீசையே இல்ல. இல்லாத மீசைக்கு ஒரு படம்.

நானும் முறுக்கினேன். எனக்கு நெசமான மீசை.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நெழல் அவர் மேல விழுது."

மாசி 7, செவ்வாய்

இடுப்பு வலி. தைலம் தீந்துருச்சு, வாங்கணும்.

மெசினெல்லாம் பழைய இரும்புக்குப் போயாச்சு. ஒரே ஒரு பிரேம் துருப்பிடிச்சு நிக்குது. மூலையில மேஸ்திரி மேசை, அதுக்கு மேல கரும்பலகை. கடைசி ஷிப்டன்னிக்கு மேஸ்திரி சாக்பீசுல எழுதுனது அப்படியே இருக்கு. பிரேம் 1 முதல் 14 வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஓட்டுன ஆளு பேரு. ஏழுக்கு நேரா சவரிமுத்து. கடைசி வரியில, பிட்டர்: ஒரு கோடு. ரிப்பேர் பாக்க அன்னிக்கு ஆளில்லைன்னு அர்த்தம்.

நி. பலகைக்கு நேரா போய் நின்னா.

"மாமா, இதாங்க என் படமே. காலையில எட்டரைக்குக் கூரைக் கண்ணாடி வெயில் நேரா இதுமேல விழும். நாளைக்கு ஈரோடு போகணும். நாளன்னிக்கு வந்து எடுத்தர்றேன்."

அப்புறம் மெதுவா, "உங்க பேரு எங்கீங்க மாமா?"

"பெரிய ஆளுங்க பேரெல்லாம் பலகையில எழுதற வழக்கமில்ல கண்ணு."

சவ. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். பொய்யின்னு சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

ஊட்டுக்கு வந்தா சரசு: "ஏனுங்க, மில்லு நின்ன அன்னிக்கு நீங்க கெணத்துக்குப் போர் போடற வண்டியோட மத்தியப் பிரதேசத்துலல்ல இருந்தீங்க?"

இருந்தேன். இது எந்நோட்டு, எழுதிக்கலாம். மில்லுல ஏழு வருசம், பிட்டருக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற வேலை. அப்புறம் கடைசி வரைக்கும் போர் வண்டி. சுவிட்ச அமுத்துனது சவ.

நான் அமுத்தியிருந்தா இன்னும் நல்லா அமுத்தியிருப்பேன்.

மாசி 8, புதன்

நி. படத்துக்குச் சட்டம் பாக்க ஈரோடு போயிட்டா. சாவி எங்கிட்ட.

யோசனை ஒண்ணு. ஆயுத பூசைக்கு மில்லுல குரூப் படம் எடுப்போம். அதுக்கு முந்தி எல்லாத்தையும் கழுவித் தொடச்சு சந்தனம் குங்குமம் வெச்சு, அப்புறந்தான் கேமராக்காரன உள்ள உடுவோம். அழுக்கோட மெசினப் படம் எடுக்கறது மெசினுக்கு அவமானம். நி.க்கு இதெல்லாம் யாரு சொல்றது?

சீமாறு 2. பக்கெட். பழைய வேட்டி. சந்தனம், குங்குமம். வாழைக்கன்னு 2. பூசணி.

பஞ்சுத் தூசி கெண்டைக்கால் வரைக்கும். தும்மல் நாப்பது. எண்ணினேன். பிரேமத் தொடச்சுப் பொட்டு வெச்சதும் கல்யாணப் பொண்ணாட்டம் நின்னுச்சு. மேசை தொடச்சேன். ஜன்னல் தொடச்சேன். அப்புறம் பலகை.

பலகைகிட்டக் கொஞ்ச நேரம் நின்னேன். துணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு.

ஏழாம் நம்பர்ல இருந்து ஆரம்பிச்சேன்.

மாசி 9, வியாழன்

எட்டு இருவதுக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. வாசல்ல வாழைக்கன்னப் பாத்துட்டு சவ. "யாருக்குப்பா கல்யாணம்?"னு ஆரம்பிச்சான். உள்ள பாத்ததும் நிறுத்திட்டான்.

நி. நேரா பலகைகிட்டப் போனா. வெயில் அவ சொன்ன மாதிரியே விழுந்துச்சு. பலகை கருப்பா, பளபளன்னு.

"மாமா, இங்க எழுதியிருந்தது?"

"தூசி, கண்ணு. பூசைக்குத் தொடைக்கறதுதான."

அவ கத்துவான்னு நெனச்சேன். கேமராவப் பையில வெச்சு மூடிட்டு வெளிய போய் வேப்பமரத்தடியில உக்காந்துட்டா. கத்தியிருக்கலாம்.

சவ. மேசை டிராயர இழுத்தான். துண்டுச் சாக்பீஸ் ஒண்ணு இருந்துச்சு. எழுத ஆரம்பிச்சான், வாயிலயும் சொல்லிக்கிட்டே. "ஒண்ணு, பாப்பாத்தி. ரெண்டு, செங்கோடன், அன்னிக்குக் காய்ச்சலோட வந்தான். மூணு, மேரி..." நிறுத்தாம பதினாலு வரைக்கும். மேஸ்திரி எழுத்தோட சாய்வு கூட அதே. தன் பேர மத்தவங்க பேரு அளவுக்குத்தான் எழுதினான். ஒரு சுழி கூடப் பெருசில்ல. நான் பாத்தேன்.

கடைசி வரி. கை நின்னுச்சு. என்னையத் திரும்பிப் பாக்கல.

"ஏம்ப்பா நாச்சி, பிட்டரு நீதான?"

நிமிந்து நின்னேன்.

எழுதிட்டான். பிட்டர்: நாச்சிமுத்து.

பலகையில எம்பேரு, அதுமேல அம்புட்டு வெயில். ஒரு நிமிசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பத்திக்கிட்டு வந்துச்சு. படம் ஆறும் அவனுக்கு. சுவிட்ச அமுத்துனவன் அவன். ஞாபகசக்தி அவனுக்கு. இப்ப நல்லவன்கற பேரும் அவனுக்கேவா? எம்பேர எனக்கு அவன் குடுக்கறதா?

கட்டைவிரல நாக்குல தொட்டு ஒரே தேய். பின்னால இருந்து அழிச்சேன். முத்து போச்சு. நாச்சி மிச்சம்.

சவ. இல்லாத மீசைய முறுக்கறான். முறுக்கிக்கிட்டே இருக்கான். இந்நேரத்துல கேலியான்னு மொறைச்சேன்.

பின்னால கிளிக்.

நி. எப்ப உள்ள வந்தாளோ. "ஏங்க மாமா அழிக்கறீங்க?"

"நான் அன்னிக்கு இங்க இல்ல கண்ணு."

இவ்வளவு சின்னதா நான் எதையும் சொன்னதில்ல.

அவ பிலிம ஒரு சுத்துச் சுத்தி விட்டா. அப்புறம், "கைய எடுக்காதீங்க மாமா. இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

மாசி 12, ஞாயிறு

வானம் மோடம். மழை இல்ல. மில்லு வாசல்ல நல்ல கூட்டம். பாப்பாத்தி பேரனோட வந்து பலகைப் படத்துல தன் பேரத் தொட்டுப் பாத்துட்டுப் போனா.

கேட்டுல ஆறடி. நான்தான். முகம் இல்ல. மையடிச்ச தலை இல்ல. பலகையில பாதிப் பேரு, அதுமேல சாக்பீஸ் ஒட்டுன கட்டைவிரல். அவ்வளவுதான்.

சரசு அண்ணாந்து பாத்துட்டு, "நகத்தயாவது வெட்டியிருக்கலாமுங்க."

வர்றவங்ககிட்டயெல்லாம் விரல நீட்டிக் காட்டினேன். இது என்னுதுன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. "உடுங்க மாமா, அடுத்து கலெக்டரே நீங்கதாம்பீங்க"ன்னு ஒருத்தன்.

சவ. படம் உள்ள செவுத்துல. மீசை முறுக்கறது. ஒன்றரை அடி. ரெண்டு தடவை கையால அளந்தேன்.

ஒன்றரை அடிதான். கூட்டம் அங்கதான் நிக்குது.