கண் பார்க்கிற வேன் வந்த வாரம்

புதன்

விடியற்காலையிலிருந்து மழை. வா நோட்டே, நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? ரொம்ப நாளாக உன்னைத் தொடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பேனா கிடைக்கவில்லை. கிடைத்தபோது அதில் மை இல்லை.

மண்டபத்துப் பலகையில் இன்று தேவி புதிதாக ஒட்டியவை:

சனி காலை, கண் பார்க்கிற வேன். இலவசம்.
செவ்வாய், பிள்ளைகள் டியூஷனுக்குப் பெயர் கொடுப்பது.
அடுத்த வாரம் எல்லாரும் சேர்ந்து கால்வாய் சுத்தம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வரவும். (என் மண்வெட்டி பக்கத்து வீட்டு ஆறுமுகத்திடம். வாங்கிப் போனது போன தீபாவளிக்கு முன்னால்.)
தையல் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது, வேண்டியவர் கேட்கலாம்.

தேவி பாலர் பள்ளி டீச்சர். எஸ்டேட்டை மூடியபோது கிடைத்த வீடுகள் எங்களுடையவை, செமினி டவுனிலிருந்து இன்னும் உள்ளே வரவேண்டும். இங்கே எது நடந்தாலும் அந்தப் பெண் தலையில்தான். அவள் வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுவதை வயசானவர்கள் யாரும் படிப்பதில்லை. அதனால் நான் அதிலேயே வாயால் பேசி அனுப்புவேன். எங்கள் தாமான் குடியிருப்புக்கு நான் ரேடியோ மாதிரி.

என் வீட்டுக்காரி லெட்சுமி நேற்று டீயில் உப்புப் போட்டுவிட்டாள். (இனி லெ. என்று போடுகிறேன், விரல் வலிக்கிறது.) நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன். அரிசியை ஜன்னல் வெளிச்சத்தில் மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்க்கிறாள். நான் வருவது செருப்புச் சத்தத்தில்தான் தெரிகிறது. கிள்ளானில் அவள் அக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. சக்கரை நரம்பைத் தின்றுவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து லெ. ஆஸ்பத்திரி என்றாலே எழுந்து போய்விடுவாள்.

வேனுக்குப் போவோமா என்று கேட்டேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே இருந்தாள். அப்புறம், ஊரே போகுதுன்னா கூட்டத்தோட கூட்டமா வரேன் என்றாள்.

போதும். அதுவே பெரிசு.

வெள்ளி

வானம் மப்பு. ஈரத்துணி காயவில்லை.

மத்தியானம் தேவி வீட்டுக்கு வந்தாள். வேன் சனி இல்லையாம், ஞாயிறாம். ஆள் நிறைய வந்தால்தான் மறுபடி இந்தப் பக்கம் அனுப்புவார்களாம்.

"அங்கிள், ஒரே ஒரு வரி. ஷார்ட்டா சொல்லுங்கலா."

சரிம்மா என்றேன். போனை எடுத்தேன். கண் வேன் என்று ஆரம்பித்ததும் என் லோரி ஞாபகம் வந்துவிட்டது. லோரி வந்தால் அந்த ஆடு வராமல் இருக்குமா? கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு ஓட்டிய காலம். காஜாங்கில் சாப்பிட நிறுத்தினேன், யார் வீட்டு ஆடோ பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டது. கிள்ளானில் கதவைத் திறந்தால் எனக்கு முன்னால் இறங்கி நிற்கிறது. ஆட்டுக்காரர் போலீசுக்குப் போய்விட்டார். என்னையும் ஆட்டையும் சேர்த்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் சொல்லி, மிச்சத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் மறக்காமல் சொன்னேன்: வேன் சனி இல்லை, ஞாயிறு.

நல்லாத்தான் வந்தது. லெ. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவளும் கேட்டிருப்பாள்.

சனி

சரியான வெயில். எழுதவே வெட்கம்.

காலையில் லெ.யின் சக்கரை மாத்திரை வாங்கக் காஜாங் போய்விட்டேன். திரும்பி வந்தால் மண்டப வாசலில் கூட்டம். கதவில் பூட்டு. எல்லாரும் குளித்து, நல்ல துணி போட்டு, சிலர் சாப்பிடாமல்கூட வந்திருக்கிறார்கள். கண் பார்க்கச் சாப்பிடாமல் வரவேண்டும் என்று யார் சொன்னார்களோ. நடுவில் லெ., அரக்குச் சேலையில்.

கடைசியில் சொன்னேனே என்றேன். ஆறுமுகம் சிரித்தான்.

"உன் மெசேஜை யாருப்பா கடைசி வரைக்கும் கேட்டா? ஆடு லோரியில ஏறிச்சு, நான் தூங்கிட்டேன்."

இன்னொருத்தர் ஆட்டோடு நிறுத்தினாராம். இன்னொரு அக்கா போலீஸ் வரைக்கும் கேட்டாராம், அப்போது பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டதாம். தேவி தலையில் கை வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளைக்கு மறுபடி எவன் வருவான்?

அந்த அக்காதான் கேட்டார், சரி, அந்த ஆடு என்னதான் ஆச்சு என்று. நான் வாயைத் திறந்தேன். தேவி குறுக்கே வந்துவிட்டாள்.

"இன்னைக்குச் சொல்லக்கூடாது அங்கிள். நாளைக்கு வேனுக்கு வரவங்களுக்குத்தான் மிச்சக் கதை."

எல்லாரும் சிரித்தார்கள். லெ. மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள், நான் வந்துட்டேன், கதவு பூட்டியிருந்துச்சு, அவ்வளவுதான், இனிமே கூப்பிடாதீங்க.

சாயங்காலம் சேலையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். நான் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். மத்தவன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. இவள் வரவேண்டும். ஒரே ஒரு வரி. என்னால் முடியவில்லையே.

ஞாயிறு

காலையில் மேகம், அப்புறம் தெளிந்துவிட்டது.

எழுந்து பார்த்தால் அரக்குச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். நான் நின்றேன். அவளே பேசினாள்.

"நேத்து பூட்டைப் பார்த்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. அப்பதான் தெரிஞ்சது எனக்கு எவ்வளவு பயம்னு."

எங்கள் பழைய எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி ஒருத்தர் இருந்தார், பல் பிடுங்க என்று மூன்று தரம் போய் மூன்று தரமும்... என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்கும் பயம். பயம் வந்தா கதை விடுவீங்க. வாங்க, போலாம்."

இத்தனை வருஷத்தில் இதை ஒரு தரமும் என்னிடம் சொன்னதில்லை.

மண்டபத்தில் நேற்றைக்கு இருந்ததைவிடக் கூட்டம் அதிகம். ஆறுமுகம் மாமியாரையும் கூட்டி வந்துவிட்டான். (மண்வெட்டியைக் கொண்டு வரவில்லை.) பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் பாலர் பள்ளிக் குட்டி நாற்காலியெல்லாம் வெளியே வந்தது. தேவி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள். நான் கதையை எடுத்தேன். காஜாங், கிள்ளான், போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். வேனில் லெ. பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் படி ஏறினாள். தேவி கையைப் பிடித்திருந்தாள். கதவு மூடியது.

என் வாய் நின்றுவிட்டது. ஆறுமுகம், ம், அப்புறம் என்றான். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஆடு அந்த ஸ்டேஷனிலேயே நிற்கிறது. ஆறுமுகம் என் முகத்தைப் பார்த்தான், கேலி பண்ணவில்லை, தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். நல்லவன்தான்.

கதவு திறந்தது. கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள், வெளிச்சம் கூசி அவளால் பார்க்க முடியவில்லை. என் இருமலை வைத்து என் பக்கம் திரும்பினாள்.

"புரையாம். நரம்பெல்லாம் நல்லா இருக்காம். ஆபரேஷன் பண்ணா கண்ணு தெரியுமாம்."

டாக்டர் பொண்ணும் கூட இறங்கி வந்து அதையே சொன்னது. நான் மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதேதான். குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தேவி குடை பிடித்து லெ.யை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான் இருந்து கதையை முடித்தேன். சொன்ன வாக்கு. ஆறுமுகத்தின் மாமியார் சிரித்துப் பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டார்.

ராத்திரி சோறு நிறையச் சாப்பிட்டேன்.

செவ்வாய்

மழை வரும் போல, வரவில்லை. டியூஷனுக்கு நிறையப் பிள்ளைகள். வேன் அடுத்த தரமும் இங்கே வருமாம், தேவி சொன்னாள். தையல் மெஷின் போய்விட்டது.

கால்வாய் சுத்தம் பற்றி மெசேஜ் அனுப்ப போனை எடுத்தேன். லெ. கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை காலையில கால்வாய் சுத்தம் பண்றோம். எல்லாரும் வாங்க. ஆறுமுகம், எங்க மண்வெட்டியையும் கொண்டு வா." முடிந்தது. உடனே எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். எனக்கு ஒரு நாளும் இத்தனை கட்டைவிரல் விழுந்ததில்லை.

இருக்கட்டும்.

புதன்

நல்ல காற்று. மண்வெட்டி வந்துவிட்டது, பிடி உடைந்து.

நாளைக் காலை காஜாங் பெரிய ஆஸ்பத்திரி. வேனில் கொடுத்த கடிதம், பழைய மருந்துச் சீட்டு, ஐ.சி. அட்டை, பிஸ்கட், எல்லாம் பையில் போட்டாயிற்று. லெ. பையைத் திறந்து பார்க்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறக்கிறாள்.

இப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏங்க. இங்க வந்து உக்காருங்க. அந்த ஆடு கடைசியில என்னதான் ஆச்சு?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்றுதான் என்னிடம் கதை கேட்கிறாள். வரேன் வரேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் நோட்டே, உனக்கும் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. ஸ்டேஷனில் ஆட்டை மேசைக் காலில் கட்டியிருந்தார்களா, ஆட்டுக்காரர் புகார் எழுதிக் கொடுத்து முடித்தாரா, சார்ஜன் டீ குடிக்க எழுந்து போனாரா, அந்த நேரம் பார்த்து ஆடு கழுத்தை நீட்டி, மேசை மேல் இருந்த புகார்த் தாளை ஒரு

இதோ, வந்துட்டேன்மா, வந்து