சீட்டில் எழுதிய புலி

சென்ற ஞாயிறு மாமல்லபுரத்தில் என் உள்ளங்காலைப் பாறை சுட்டுவிட்டது. மனைவியின் உறவினர்களை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். குகைக் கோயில் வாசலில் செருப்பை விட்டவன், திரும்பும்போது குறுக்கு வழி என்று பாறைமேல் ஏறினேன். உச்சி வெயில். நாலடி வைப்பதற்குள் துள்ள ஆரம்பித்துவிட்டேன். துள்ளி நின்ற இடத்தில், யாரோ எந்தக் காலத்திலோ பாறையில் கீறி வைத்த ஆடுபுலிக் கட்டம். உறவினர்கள் என் கூத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இதே பாறையில், இதே மாதிரி வெயிலில், வெறுங்காலோடு நீ அசையாமல் நின்றாய்.

அப்போது எனக்குச் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பார்சல் ஆபீஸ் வேலை. உனக்குச் சிக்னல் கேபினில், லீவர்களை இழுத்துக் கைகாட்டி இறக்குகிற வேலை. இருவருக்கும் ஒரே வயது, ஒரே மெஸ்ஸில் சாப்பாடு. வெளிநாட்டில் ஒரு மின்சார யந்திரம் மனிதனோடு பலகை ஆட்டம் ஆடுகிறதாம் என்று வாசகசாலையில் படித்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். அதற்கு மூளை எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட்டேன்.

"மூளை இன்னாத்துக்குடா? எங்க கேபின்ல லீவருக்கு மூளையா கீது? இந்த லீவரை இழுக்காம அந்த லீவர் நகராது. அவ்ளோதான். அத வெச்சே இத்தினி ரயிலும் மோதாம போவுது" என்றாய்.

அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டாய். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் சூழ்ந்து நின்று புலியை நகரவிடாமல் கட்டினால் புலி தோற்கும். கட்டத்தின் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் போட்டாய். நான் பார்சல் அட்டைப்பெட்டிகளைக் கிழித்துச் சீட்டு வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கேள்வி. புலிக்குப் பக்கத்தில் ஆடு இருக்கிறதா? ஆம் என்றால் ஒரு சீட்டுக்குப் போ, இல்லை என்றால் இன்னொரு சீட்டுக்குப் போ. கடைசிச் சீட்டு எந்தப் புலியை எங்கே நகர்த்த வேண்டும் என்று சொல்லும். சீட்டைப் பிடித்திருப்பவன் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்கவும் கூடாது.

அதற்குத்தான் மாரிமுத்துவைப் பிடித்தாய். தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்றுகிற மாரிமுத்துவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கொளவாய் ஏரிக்கரை மரத்தடியில் அவன் சீட்டைப் பார்த்துப் புலியை நகர்த்துவான், நான் ஆடு ஆடுவேன், நீ ஒவ்வொரு நகர்வையும் எழுதிக்கொள்வாய். அவனுக்குக் கை சும்மா இருக்காது.

"இது பைத்தியக்காரப் புலி சார். இங்க போனா மாட்டிக்கும்னு எனக்கே தெரியுது."

"உனக்குத் தெரிஞ்சத நீ வெச்சிக்கோ மாரிமுத்து. சீட்டு இன்னா சொல்லுதோ அத செய்."

அவன் சொன்னது சரிதான். வெட்ட முடிந்தால் வெட்டு என்பதுதான் உன் முதல் சீட்டு. நான் ஓர் ஆட்டை வேண்டுமென்றே மூலையில் கொண்டுபோய் வைப்பேன். புலி பாய்ந்து வெட்டும். பின்னாலேயே நான் வழியை அடைத்துவிடுவேன். ஒரே மாதிரி பத்து ஆட்டம் தோற்றது. நீ கோபப்படவில்லை. நோட்டை மூடிவிட்டு, "முன்னால பாதை சரியா கீதான்னு பாக்காம கைகாட்டிய எறக்கிட்டேன்டா" என்றாய். வெட்டிய பிறகு வெளியே வர வழி உண்டா என்று பார்க்க நாலு சீட்டு புதிதாக எழுதினாய். அன்றிலிருந்து என் தந்திரம் பலிக்கவில்லை.

நன்றாக ஆடுகிற வேறு ஆளிடம் சோதிக்க வேண்டும் என்றுதான் மாமல்லபுரத்துக்குப் போனோம். அங்கே குப்பத்தில் ஒரு மீனவர், ஆடு ஆடினால் அவரை யாரும் ஜெயித்ததில்லை என்று கேள்விப்பட்டிருந்தாய். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் நாம் மூவரும் போய் இறங்கினோம். அவர் பாறையில் இருந்த கட்டத்தருகே கொஞ்சம் நிழல் விழுகிற பக்கமாக உட்கார்ந்துகொண்டார். சீட்டுக்கட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"இன்னா நைனா, உன் ஆளு சீட்டப் பாத்துகினு ஆடுறான்? சொந்தமா ஆடத் தெரியாதா?"

"அவன் ஆடல அண்ணாத்த. சீட்டுதான் ஆடுது" என்றாய்.

ஆட்டம் நீண்டது. நிழல் நகர்ந்துபோனது. நான் துண்டை மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டேன். மாரிமுத்து குந்தியிருந்தவன் மாற்றி மாற்றிக் காலைத் தூக்கினான். நீ நோட்டும் பென்சிலுமாக வெயிலில் நின்றாய், செருப்பில்லாமல். புலி ஆறாவது ஆட்டை வெட்டியதும், மிஞ்சிய ஆடுகளை வைத்து இனிக் கட்ட முடியாது என்று மீனவர் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்தார். "சீட்டு எழுதினவன் பலே ஆளுதான்" என்றார். நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். அதுவரை உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நீ காலைத் தூக்கிச் சம்மணம் போட்டாய். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"கல்லு சுடலயா உனக்கு?" என்று கேட்டேன்.

"ஆட்டத்துல தெரியலடா."

எனக்குத் தெரிந்துவிட்டது. என் தாய்மாமனுக்குப் பெருநோய் அப்படித்தான், தோலில் சுரணை போய், ஆரம்பித்தது. அவரை வீட்டார் கொல்லைப்புறக் குடிசையில் வைத்துத் தட்டில் சோற்றைத் தள்ளிவிட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உன் முழங்கையில் வெளுத்த தேமல் ஒன்று இருந்ததையும் அதற்கு முன்பே கவனித்திருந்தேன். பஸ் செங்கல்பட்டுக்கு வந்து சேர்கிறவரை நான் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சொன்னால் உன் வேலை போய்விடும், நீ உடைந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. உன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றவன் நான். எனக்கும் ஒட்டியிருக்குமோ என்று நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள் என்று பயந்தேன். மெஸ்ஸில் மெல்ல மெல்ல வேறு பந்திக்கு மாறிக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து, வேலைக்கான உடல் பரிசோதனையில் மருத்துவர் உன் கையில் ஊசியால் குத்தினார். நீ எந்தப் பக்கமோ பார்த்துக்கொண்டிருந்தாயாம். அதற்குள் இடது கையில் இரண்டு விரல் மடங்கி நிமிராமல் போயிருந்தது. லீவர் பிடிக்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஊருக்கு வெளியே இருந்த பெருநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். உன் அண்ணன் ஒரு தடவை வந்து, வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இனி கடிதம் போடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அதைவிட மோசம். ஏழு மாதம் வரவே இல்லை. மாரிமுத்துதான் சீட்டுக்கட்டை உன்னிடம் கொண்டுவந்து சேர்த்தான், ஞாயிறுதோறும் வந்தான். ஒரு நாள் பார்சல் ஆபீஸ் வாசலில் என்னை நிறுத்தினான்.

"சார், அவுரு ஒவ்வொரு வாட்டியும் உங்களத்தான் கேட்டுகினு கீறாரு. நான் உங்களுக்கு ஜுரம், உங்களுக்கு வேலைன்னு பொய் சொல்லிகினு கீறேன். இனிமே என்னால முடியாது."

வந்தேன். வேப்பமரத்தடியில் நீ உட்கார்ந்திருந்தாய். இரண்டு கை விரல்களும் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. காலில் கட்டு. என்னைப் பார்த்ததும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "புலியில ஒரு குறை கீதுடா" என்றாய்.

அங்கே அச்சரப்பாக்கத்துப் பெண் ஒருத்தி, வயல் வேலை செய்தவள், புலியை ஓயாமல் ஜெயித்துக்கொண்டிருந்தாளாம். வெட்ட எதுவும் இல்லாதபோது புலி இரண்டு முனைகளுக்கு இடையே போவதும் வருவதுமாக இருப்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அது அப்படி அல்லாடுகிற நேரத்தில் சுற்றிலும் ஆட்டை நிறுத்திக் கட்டிவிடுவாள்.

"ஒரே கேள்வி, ஒரே பதில். முன்ன எங்க இருந்தோம்னு புலிக்கு ஞாபகம் இல்ல. விட்டுட்டு வந்த எடத்துல ஒரு புளியங்கொட்டைய வெச்சா போதும். கொட்டை கீற எடத்துக்குத் திரும்பிப் போகாதேன்னு ஒரு சீட்டு. என்னால எழுத முடியல. நீ எழுது."

நீ சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்த சீட்டை நீட்டியபோது உன் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து நீட்டினேன். நீ அதைப் பார்த்தாய். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு பஸ்ஸுல உன் காலைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்" என்றேன்.

நீ அந்தச் சீட்டை வளைந்த விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டாய்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா விரலு பொழச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு" என்றாய். பிறகு, "அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். எதையோ தெரிஞ்சிகினு சொல்ல மாட்டேங்கறான்னு தோணிச்சி. நானும் கேக்கல. பயம்."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"நீ சொல்லியிருந்தா உன்ன அடிச்சிருப்பேன்டா. அடிச்சிட்டு, அடுத்த நாளு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எந்த நகர்வில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று தோற்ற பிறகு நோட்டைப் பார்த்துச் சொல்வாயே, அதே குரல். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தேன். ஐந்து வாரம்தான். காலில் இருந்த புண் புரையோடி, காய்ச்சல் கண்டு, ஒரு புதன்கிழமை காலையில் நீ போய்விட்டாய். மாரிமுத்துவும் நானும் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குப் பின்னால் புதைத்துவிட்டார்கள். உன் படுக்கையையும் அதிலிருந்த சீட்டுகளையும் கொளுத்திவிட்டார்களாம். அது அங்கே வழக்கம். நானும் மாரிமுத்துவும் ஞாபகத்திலிருந்து சீட்டுகளை எழுதிப் பார்த்தோம். நடுவில் எங்கோ ஒரு கேள்வி விடுபடுகிறது. புலி பாதி ஆட்டத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுகிறது.

உன்னிடம் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. எங்கள் ஆபீசில் மூட்டை தூக்குகிற படூர்க்காரர் ஒருவர். போன வருஷம் அவர் சட்டையைக் கழற்றியபோது முதுகில் ஒரு தேமல் கண்டேன். பக்கத்தில் போய்க் கிள்ளினேன். அவர் திரும்பவில்லை. அங்கேயே, அப்போதே, இன்ன நோயாக இருக்கும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "யாரப் பாத்து இன்னா சொல்ற?" என்று என் சட்டையைப் பிடித்தார். சட்டைப்பை கிழிந்தது. மறுநாளும் போய் நின்றேன். நாலாம் நாள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். என்னோடு பேசுவதில்லை. நான் எதிரே வந்தால் பிளாட்பாரத்தின் மறு ஓரத்துக்குப் போய்விடுகிறார். போகட்டும். மூட்டையைப் பற்றியிருக்கும் அவர் விரல்களை மட்டும் தினமும் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன். பத்தும் மடங்குகின்றன. பத்தும் நிமிர்கின்றன.