முதல் ஷெட்டை விற்ற அண்ணனுக்கு

அண்ணே,

மேல்வீட்டுக்குக் குடிவந்திருக்கிற அம்மா பழனிக்குப் போய்வந்து, இன்று காலையில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் வாழைப்பழமும் நெய்யும் ஏலக்காயும் கலந்த அந்த வாசனை வீடு முழுக்க நிறைந்துவிட்டது. என் மனைவி டப்பாவை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் எங்கள் வீட்டில் அதை யாரும் வாயில் வைப்பதில்லை. ஊரே கண்ணில் ஒற்றிக்கொள்கிற பிரசாதத்தை எங்களுக்கு மட்டும் கசக்கவைத்துவிட்டுப் போன புண்ணியவான் நீங்கள்.

செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் எழுதுகிறேன். முடிக்கும்போது திட்டு யாருக்கு என்பது எனக்கே தெரியவில்லை என்றால் அதுவும் இருக்கட்டும்.

வேடசந்தூர் ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு நூல்மில் குடோனில்தான் நாம் ஆரம்பித்தோம். நீங்கள் தொப்பம்பட்டிக்காரர், பாலிடெக்னிக்கில் எனக்கு மூன்று வருஷம் மூத்தவர். நான் திண்டுக்கல் டவுனில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. தெருமுனைகளில் நிற்குமே, டெலிபோன் ஒயர்களைப் பிரித்துவிடுகிற இரும்புப் பெட்டி, அதைத்தான் முதலில் செய்தோம். நீங்கள் தகரம் வளைத்தீர்கள், நான் ஒயர் கட்டினேன். மில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பெண்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு வேலை பழக்கினோம். பிறகு அவர்களே நாற்பது பேர் ஆனார்கள்.

செல்போன் வந்தது. தெருமுனைப் பெட்டியை யாரும் கேட்கவில்லை. டவருக்கு மின்சாரம் கொடுக்கிற கருவியைச் செய்யலாம் என்று நான் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அந்தத் தாளைத் தள்ளிவைத்துவிட்டு, “நாம கண்டுபிடிக்கறதுக்குள்ள ஊரே மாறிப்போயிரும் ஜோசப்பு. செய்யறவன வாங்கிப்போடலாம்” என்றீர்கள். அன்றைக்குப் பிடித்த ருசி அண்ணே, கடைசிவரை உங்களை விடவில்லை.

முதலில் கோயம்புத்தூர்க்காரரை வாங்கினோம். அடுத்து ஓசூர், அதற்கடுத்து பெங்களூர். ஒவ்வொரு தடவையும் ஒரே முறைதான். விடியற்காலையில் பழனி மலையேறி, ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு, நேராக விற்கிறவர் வீட்டுக்குப் போவீர்கள். “கையெழுத்து வாங்கறதுக்கு முந்தி வாய இனிப்பாக்கோணும்” என்பீர்கள். அது பக்தியா, கணக்கா, பாவம் ஒட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது என் வேலை. அவர்கள் வீட்டுக் குழந்தைகள் விரலால் வழித்துச் சாப்பிடும்போது, ஆட்கள் எல்லாரையும் வைத்துக்கொள்வோம் என்று சொல்வதும் என் வேலைதான். ஏன் நான் என்று ஒருமுறை கேட்டதற்கு, “உன்ற மூஞ்சியப் பாத்தாப் பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு நெனைச்சுக்குவாங்க” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதை மறைக்கமாட்டேன்.

அந்தக் கோயம்புத்தூர்க்காரர் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைத்தான் பார்த்தார். “ஏனுங்க தம்பி, எங்க ஆளுங்கள வெச்சுக்குவீங்களா?” என்றார். கண்டிப்பாக என்றேன். மூன்றே மாதத்தில் அவருடைய மெஷின்களை லாரியில் ஏற்றினோம். நமக்கு வேண்டியது அவர் ஷெட்டோ ஆட்களோ இல்லை. அவர் கருவிக்கு டெலிபோன் இலாகா கொடுத்திருந்த அங்கீகாரச் சான்றும், அதை வாங்குகிறவர்களின் பட்டியலும்தான். அது கைக்கு வந்ததும் அங்கே பூட்டு விழுந்தது. அவர் எனக்குப் பலமுறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. வாங்கியதில் ஆகாததை வடக்கே ஒரு கம்பெனிக்கு விற்று, விற்ற கையோடு வேறொன்றை வாங்கினீர்கள். வளர்ச்சி என்று பேப்பரில் போட்டோவோடு போட்டார்கள். தொழிலில் இருந்தவர்கள் மட்டும், பழனி டப்பா வந்தால் பின்னாலேயே பூட்டு வரும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

நாம் ஆரம்பித்த அந்த வேடசந்தூர் ரோட்டு ஷெட்டை மட்டும் தொடமாட்டீர்கள் என்று நம்பினேன். அதற்குக் காரணம் உண்டு. சோதனை மேஜையில் இருந்த ஆரோக்கியமேரிக்கு வேறொரு நூல்மில்லில் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகலாமா, இருக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் உங்களிடம் வந்து கேட்டேன். “அத வித்தா என்னையே வித்த மாதிரி ஜோசப்பு. இருக்கச் சொல்லு” என்றீர்கள். அவளிடமும், அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற நாற்பது பேரிடமும் அதையே சொன்னேன். வாழ்க்கையில் பொய் என்று தெரியாமல் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த வாரம், நீங்கள் காலையில் திடீரென்று வீட்டுக்கு வந்தீர்கள். கையில் டப்பா. உட்காரக்கூட இல்லை, அவசர வேலை என்று போய்விட்டீர்கள். நமக்காக அண்ணன் மலையேறி வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று என் மனைவி நெகிழ்ந்துபோனாள். மூன்று நாள் தோசைக்கும் ரொட்டிக்கும் தொட்டுச் சாப்பிட்டோம் அண்ணே. சம்பந்தி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டோம். எத்தனை வீட்டுக்கு அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்! என் வீட்டுக்கு வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாலாம் நாள் ஷெட் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது, மெஷின்கள் ஓசூருக்குப் போகின்றன.

உங்கள் அறைக்கு ஓடிவந்தேன். நீங்கள் கோபப்படவும் இல்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. “முன்னாடியே உங்கிட்டச் சொல்லியிருந்தா, கடைசி மாசம் அவங்க ஒழுங்கா வேல பாத்திருப்பாங்களா? அதுக்குத்தான் உன்னைய நம்பவெச்சேன்” என்றீர்கள். அதாவது நான் அடுத்தவர்களுக்குச் செய்ததை எனக்குச் செய்தீர்கள். சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே, கை தேர்ந்திருந்தது. வெளியே வந்தால் ஆரோக்கியமேரி நின்றாள். “நீங்க இருக்கச் சொன்னதாலதானண்ணே மில்லுக்குப் போகல” என்றாள். அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லாமல் போய்விட்டாள்.

அப்புறம் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு தேறின, நினைவு தேறவில்லை. மிச்சக் கம்பெனிகளையும் உங்கள் மகன் விற்றுவிட்டுச் சென்னையோடு போய்விட்டான். அண்ணி கூப்பிட்டார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து உங்களைப் பார்க்க வந்தேன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “நம்ம ஷெட்டு எப்படிப் போகுது ஜோசப்பு? புள்ளைங்கெல்லாம் வந்தாச்சா?” என்று கேட்டீர்கள். விற்றதே உங்களுக்கு நினைவில்லை.

“அத நீங்க வித்துட்டீங்கண்ணே” என்றேன்.

உங்கள் முகம் அப்படியே இடிந்தது. யாரைக் கேட்டு விற்றேன், ஏன் விற்றேன் என்று குழறினீர்கள். அந்த முதல் தடவை வாய்தவறி வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு தவறி வரவில்லை. நீங்கள் மறந்துவிட்டு மறுபடி ஆசையாகக் கேட்டீர்கள், நான் மறுபடி சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். ஆரோக்கியமேரி இப்போது பக்கத்து ஊர்களுக்குப் பூப்பறிக்கப் போகிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு அது புதுச் செய்தி, ஒவ்வொரு வாரமும் புது அடி. உண்மையைத்தானே சொல்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை ஆனால் மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை.

கடைசி ஞாயிறு அண்ணி வாசலிலேயே மறித்தார். “தம்பி, இன்னைக்காச்சும் ஓடுதுன்னு சொல்லிப்போடுங்க. ரெண்டு நாளாக் கஞ்சிகூட எறங்கல” என்றார். உள்ளே கட்டிலில் ஒரு கைப்பிடி அளவுக்குக் கிடந்தீர்கள். பெற்ற மகன் பேர் மறந்துபோயிருந்தது. அண்ணியை அம்மா என்று கூப்பிட்டீர்கள். கோயம்புத்தூர், ஓசூர், வாங்கியது விற்றது எல்லாம் துடைத்துக்கொண்டு போயிருந்தது. எனக்கு அன்றுதான் வெட்கம் வந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டு, “ஷெட்டு நல்லா ஓடுதுண்ணே. ஆரோக்கியமேரி உங்கள விசாரிச்சுச்சு” என்றேன்.

தலையை மெல்ல என் பக்கம் திருப்பினீர்கள்.

“எதுக்கு ஜோசப்பு பொய் சொல்ற? அத நான்தான் வித்துப்போட்டேனே.”

எல்லாம் போன மண்டையில் அந்த ஒன்றை மட்டும் நான் வாராவாரம் அடித்து இறக்கியிருந்தேன். அது தங்கிவிட்டது. வியாழக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

துக்கவீட்டில் உங்கள் சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை வாரம் தவறாமல் வந்து பார்த்தது ஜோசப் ஒருவன்தான், அவனல்லவா மனுஷன் என்றார்கள். இன்றும் தெருவில் பார்க்கிறவர்கள் அதையே சொல்கிறார்கள். அன்று அண்ணி பக்கத்தில்தான் நின்றிருந்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.