பேர் மாறவேண்டிய மதிப்பீடு

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். லேபுக்கு லீவு சொல்லிவிட்டு பேங்குக்குப் போனேன். வீட்டுக்கடன் இல்லை என்றாகிவிட்டது. கேட்டது என் கணவர் பேரில். ஷார்ஜாவில் அவர் கம்பெனி காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை, புது வேலைக்கு இன்னும் பேப்பர் வரவில்லை. மேனேஜரைக் குறை சொல்ல முடியாது. டீ வரவழைத்துத் தந்தார். குடித்தேன், ருசி தெரியவில்லை.

திரும்பும்போது பனவடலிசத்திரத்திலிருந்து வீட்டுக்கார அண்ணாச்சி போன். வருஷக்கணக்காகக் குடியிருக்கிறோம் என்றுதான் வீட்டை விற்பதை முதலில் எங்களிடம் சொன்னார். "இன்னொரு ஆளு கேட்டுக்கிட்டே இருக்காவ தாயி. அடுத்த வாரம் வரைக்கும் பாக்கேன்" என்றார். கோபமில்லாத குரல். அதுதான் பயமாக இருக்கிறது.

பால் வாங்க மறந்தாச்சு.

நவ. 4, செவ்வாய்

வீட்டுக்கடன் கம்பெனி. மாடியில் சின்ன ஆபீஸ், ஜன்னல் ஓரம் நனைந்த குடைகள். அங்கிருந்த பெண் என்னைவிட இளையவள். என் லேப் சம்பளமே போதும் என்றாள். ஆனால் கடன் என் பேரில் மட்டும், பத்திரமும் என் பேரில் மட்டும்.

புதிதாக மதிப்பீட்டுக்கு ஆள் வர நாளாகுமாம். பேங்குக்காக ஏற்கெனவே வீட்டை அளந்த இன்ஜினியர் இவர்கள் லிஸ்டிலும் இருக்கிறார். பேங்க் ஆட்சேபணை இல்லை என்று லெட்டர் கொடுத்தால் அந்த ரிப்போர்ட்டையே இங்கே மாற்றிக்கொள்ளலாம். பேங்க் லெட்டர் தர, முதலில் கடன் கேட்டவர் சம்மதித்து மெயில் அனுப்ப வேண்டும்.

அதாவது அவர்.

நவ. 5, புதன்

நல்ல மழை. கரண்ட் இல்லை. அடுத்த தெரு தறிகள்கூட நின்றுவிட்டன. ரிப்போர்ட் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் வாசித்தேன். சமையலறை, கிழக்கு ஜன்னல், காற்றோட்டம் திருப்தி. யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டைப் பற்றி வாசிக்கிற மாதிரி. அந்த வீட்டுக்குள் ஒருத்தி மெதுவாக நடக்கிறாள், அறை அறையாக. பின்கட்டுச் சுவரில் சாயங்கால வெயில் தண்ணீர் போல ஆடும். அதை இன்ஜினியர் எழுதவில்லை. சாயங்காலம் வந்திருக்க மாட்டார்.

அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது எந்த அறையில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. சுகமாக இருந்தது.

நவ. 6, வியாழன்

அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பின்னால் லாரி சத்தம், யாரோ இந்தியில் கூப்பிடுகிறார்கள்.

"அப்ப என் பேரு எங்கயும் வராதா?"

"வராது மச்சான்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். அந்த வீட்டுக்காகத்தான் இத்தனை வருஷம் வெயிலில் கிடந்தார். எனக்குத் தெரியாதா.

நவ. 8, சனி

போன் இல்லை. மெசேஜைப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. லேபில் ஒரு ரத்த ட்யூபுக்கு ஸ்டிக்கர் ஒட்ட மறந்து, நல்லவேளை உடனே கவனித்தேன்.

மாமிக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாகக் குழப்பம். மகன் பேரில் இல்லாத வீடு. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னேன். மாமி நிமிரவில்லை. "யாரு பேருல இருந்தா என்னட்டி. அந்த ஒழுகுத பாத்ரூம மொதல்ல சரி பண்ணு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும். வெங்காயம் என்று நினைத்திருப்பார்.

கனவு: வீடு தெப்பக்குளத்தில் மிதக்கிறது. உள்ளே நானும் மாமியும். கரையில் யாருமில்லை. பயமே இல்லை.

நவ. 10, திங்கள்

பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள். மெயில் வந்துவிட்டதாம். லெட்டர் கையில். எனக்கு மட்டும் அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

இன்ஜினியரிடம் கொண்டுபோனேன். மேலே பேரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். முடியாதாம். வேறு கம்பெனிக்குக் கையெழுத்துப் போடுவதென்றால் இன்னொரு தடவை வந்து பார்க்க வேண்டும். "அளவு அதேதாம்மா. ஆனாலும் கண்ணால பாத்துட்டுத்தான் போடுவேன்." அவர் சொல்வதும் சரிதான்.

நவ. 12, புதன்

மழை விட்டு வெளுப்பான வானம். இன்ஜினியர் வந்தார். செருப்பை வெளியே விட்டு, மெதுவாக ஒவ்வொரு அறையாக. பாத்ரூம் ஒழுகலை மாமியே காட்டிக் கொடுத்துவிட்டார். நான் தலையில் கை வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார், இதனால் ஒன்றும் கெடாது என்றார்.

முடித்துக் கிளம்பும்போது என் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். பர்வீன் பானு. என் பேரை நானே முதல்முறை கேட்பது போல இருந்தது.

நவ. 14, வெள்ளி

ரிப்போர்ட் ஒத்துக்கொள்ளப்பட்டது. கடன் பாஸ். அண்ணாச்சிக்குச் சொன்னேன். சந்தோசம் தாயி என்றார், பத்திரத்துக்கு நாள் பார்க்கிறார்.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அவர் போன். மெயிலை எழுதி எழுதி அழித்தாராம். என் மேல் வருத்தமில்லை, தன்னால் முடியாமல் போச்சே என்றுதானாம். நான் அவரைப் பேச விட்டேன். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "வீட்டுக்காரம்மா, லீவுக்கு வந்தா உள்ள விடுவியளா?" என்றார்.

"வாடகை கேப்பேன்" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். போனைக் காதில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மழை குடித்த சுவர், முதுகெல்லாம் குளிர்ச்சி.