அஞ்சலைக்கு விழுந்த மாலை

மார்ச் 12, 1953. வியாழன்.

மவுண்ட் ரோடு விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு எண்ணூரில் ஓவியக்கூடம் திறந்தேன். முதல் நாளே இப்படியா!

பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சி, திறப்பு நாளாச்சே என்று எல்லாப் படங்களுக்கும் மாலை போட்டுவிட்டார். மீன் விற்கும் அஞ்சலையின் படத்துக்கும்தான். நான் கவனித்துத் தொலைக்கவில்லை. தன் படத்தைப் பார்க்க ஆசையாய் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யோவ், நா இன்னும் உசுரோடதான் கீறேன்! எனுக்கு இன்னாத்துக்குய்யா மாலை?"

கூட வந்த பெண்கள் உள்ளே கால் வைக்காமலே திரும்பிவிட்டார்கள். அஞ்சலை மட்டும் உள்ளே வந்து மாலையைப் பிய்த்தெறிந்து, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். அந்த மூக்குத்தி மினுக்கத்தை எத்தனை முறை அழித்து அழித்துத் தீட்டினேன்! அவள் பார்த்தது மாலையைத்தான்.

சற்றுமுன் விளக்கை எடுத்துக்கொண்டு போனேன், படத்தைத் திருப்பி மாட்ட. எனக்கே கை வரவில்லை.