ஊறுகாயோடு வைக்க வேண்டிய சீட்டு

சென்னை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். அப்பாவின் முட்டுவலி குறைந்திருக்கிறதா? நான் சுகம். மாத்திரையை விடாமல் போடுகிறேன். போனில் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும் என்றுதான் எழுதுகிறேன்.

மனநல வார்டில் என் பயிற்சி முடியப்போகிறது. நோயாளிகளிடம், "நானும் இப்படிக் கிடந்து எழுந்தவள்தான்" என்று சொல்லித் துணையாக இருப்பதுதான் இந்த வேலை.

போன வாரம் மார்த்தாண்டத்து அன்னக்கிளி அக்காவைச் சேர்த்தார்கள். நான்கு நாள் யாரிடமும் பேசாதவர், என் குரல் கேட்டதும் நிமிர்ந்தார்.

"ஏட்டி, நீ நம்ம ஊருப் பிள்ளையா?"

தங்கை சுபிதாவுக்கு மார்த்தாண்டத்தில் சம்பந்தம் பேசியிருப்பதை நினைத்துப் பயந்து, மதுரை என்றேன்.

"மதுரைக்காரியாக்கும்! இந்தப் பேச்சு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் பேசவேயில்லை.

இன்று போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். என் ஊர் பூதப்பாண்டி என்றேன். படிக்கப் போயிருந்ததாக நீங்கள் ஊரில் சொன்ன நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஒனக்க அம்ம பாக்க வந்தாளா மக்கா?"

பதினோரு நாள் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள் என்றேன். அக்கா அழுதார். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை.

சுபிதாவுக்கு என்னால் கெடுதல் வந்துவிடுமோ என்று இப்போதும் பயமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

பயிற்சிச் சான்றிதழ் வாங்க, நானும் நோயாளியாக இருந்ததற்கு ஆதாரமாக என் டிஸ்சார்ஜ் சீட்டு வேண்டும். உங்கள் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாயோடு வைத்து அனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

வார்டுக்கு நேரமாகிவிட்டது. கூரியர் கடையில் உள்ளே என்ன என்று கேட்டால், ஊறுகாய் என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு வருத்தமில்லை.

உங்கள்
நந்தனா